பிளானிட்ஸ் ஆடாத ஆட்டம்

எல்லா வினைக்கும் காரணம் சாய்ராம் ராகுகாலம் பார்த்ததுதான். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பெண்கள் ஃபுட்பால் போட்டிக்கு ஆன்லைனில் பதிவு திறக்கும், எட்டு அணிகளுக்குத்தான் இடம், முந்துகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று நியூ ஜெர்சியில் இருந்த ஒரு ஜெர்மன் கிளப் தெளிவாக எழுதியிருந்தது. சாய்ராமும் ஒன்பது மணிக்கே லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அவன் போனில் இருந்த பஞ்சாங்க ஆப் அவர்கள் ஊரான பார்சிப்பனிக்கென்று தனியாகக் கணக்குப் போட்டு, ராகுகாலம் ஒன்பது பதினெட்டுக்குத் தொடங்கிப் பதினொன்று ஏழுக்கு முடிகிறது என்று சொல்லிவிட்டது. பதினொன்று எட்டுக்கு அவன் பட்டனை அழுத்தியபோது ஏழு பெயர்கள் போயிருந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று: பிளானிட்ஸ்.

"ஹம்ஸ், கெடச்சுடுச்சு! கடைசி ஸ்லாட்! நல்ல நேரம் பாத்துப் பண்ணதாலதான்" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான்.

ஒன்றரை மணி நேரம் ஒருத்தரும் தொடாமல் விட்ட பெயர் ஏன் அப்படிக் கிடந்தது என்று யோசிக்கிற ஜாதகம் சாய்ராமுடையது அல்ல. பின்னாலேயே கிளப்பிலிருந்து பதினான்கு பக்க விதிமுறைகள் வந்தன. கார் நிறுத்துவது எங்கே என்று மட்டும் பார்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' என்று டிக் அடித்து அனுப்பினான். இருபது வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன், 'சம்மதம்' பெட்டிக்கு மேலே எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

அவன் மனைவி ஹம்சாவுக்கோ எந்தப் பெயராக இருந்தாலும் கவலையில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு மேட்ச். கோடு போட்ட மைதானம், வலை கட்டிய கோல், விசில் வைத்திருக்கிற ரெஃபரி, எதிரில் தோற்கடிக்க வந்திருக்கிற ஏழு பேர். இது நடந்து பதினாறு வருடம் ஆகிறது. கடலூரில் பள்ளிக்கூட நாளில் மாவட்ட அணிக்கு இடது பக்கம் ஆடியவள். அப்புறம் இன்ஜினியரிங், சென்னையில் வேலை, கல்யாணம், நியூ ஜெர்சி. பந்தை யாரும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை. அது தானாக உருண்டு எங்கேயோ போய்விட்டது, அவ்வளவுதான்.

வேலையைத்தான் பிடுங்கினார்கள். சாய்ராமின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள்; வேலை பார்க்க அவளுக்குத் தனியாக ஒரு பெர்மிட் அட்டை வேண்டும். அட்டை ஜனவரியில் காலாவதியானது. புதுசுக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பித்தாகிவிட்டது. தினமும் காலையில் பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எட்டு பேருக்கு டீம் லீடாக இருந்தவளை, அட்டை முடிந்த அன்று கான்ஃபரன்ஸ் ரூமில் நிற்க வைத்து, பூங்கொத்து கொடுத்து, எல்லோரும் கை தட்டினார்கள். "உன் தகுதிக்கு ஒரு குறையும் இல்லை, ஹம்சா. அனுமதிதான் இல்லை" என்று ஹெச்.ஆர். அம்மாள் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினாள். அந்தப் பூங்கொத்தைக் காரில் போடும்போது ஹம்சாவுக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம். கை தட்டுகிறவர்களை என்ன செய்வது?

அந்த ஆத்திரத்தில் சேர்த்த கூட்டம்தான் இந்த அணி. பர்வதம் ஆன்ட்டிக்கு ஐம்பத்து மூன்று வயது, மயக்க மருந்து டாக்டர். ஓட மாட்டேன் என்ற ஒரே நிபந்தனையோடு கோல்கீப்பராகச் சேர்ந்தார். பொள்ளாச்சிக்காரி வள்ளி டேகேரில் வேலை செய்கிறாள். இருபது குழந்தைகளைத் துரத்திப் பிடித்தே காலில் வேகம் ஏறியவள். மற்ற நால்வரும் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளின் சாக்கர் பிராக்டீஸில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, உட்கார்ந்தே அலுத்துப் போனவர்கள். ஐந்து வாரம் பயிற்சி. முதல் வாரத்திலேயே ஒருத்திக்குக் கணுக்கால் வீங்கியது, ஒருத்திக்கு மாமியாரோடு சண்டை வந்தது. ஒருத்தியும் விலகவில்லை.

ஜூன் மாதத்து சனிக்கிழமை காலையில் எல்லோரும் கிளப் மைதானத்தில் போய் இறங்கியபோது ஹம்சா ஷூ கயிற்றை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். பழைய பயம், நல்ல பயம். புல்லை வெட்டி, வெள்ளைக் கோடு இழுத்து, கொடிக் கம்புகள் நட்டு, பார்க்கவே கண் நிறைந்தது. ஓரத்தில் நீளமாகச் சாப்பாட்டு மேஜைகள். கிளப்பில் எல்லோருக்கும் சட்டை கொடுத்தார்கள். இவர்களுக்கு வந்தது மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல், புத்தம்புதுசாக இருந்தது.

"பாத்தீங்களா, நமக்கு மட்டும் நியூ ஜெர்ஸி" என்று சாய்ராம் பெருமைப்பட்டான். அந்தச் சட்டை ஏன் கசங்கவே இல்லை என்பது அரைமணி நேரத்தில் தெரிந்தது.

கிளப் தலைவர் ராய்மர் எழுபதைத் தாண்டியவர். ஒல்லியான உயரம், கழுத்தில் டை, கையில் பழுப்பேறிய ஒரு அட்டை, இன்னொரு கையில் மைக். எட்டு அணிகளையும் வரிசையாக நிற்க வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. போர் முடிந்து மூன்று வருடம். ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா நான்கும் ஆளுக்கொரு பகுதியாக வைத்திருக்கின்றன. வீடு இடிந்து கிடக்கிறது, ரேஷனில் ரொட்டி. இருந்தும் போருக்குப் பிறகு முதல் தடவையாகத் தேசிய ஃபுட்பால் சாம்பியன்ஷிப் நடத்துகிறார்கள். எட்டு அணிகள் தேர்வாகின்றன. ரஷ்யப் பகுதியில் ஜெயித்து வந்த அணி பிளானிட்ஸ். ஸ்டுட்கார்ட்டில் நியூரம்பெர்க் அணியோடு அவர்கள் மோத வேண்டும். ஆனால் ரஷ்ய ராணுவ நிர்வாகம் பிளானிட்ஸுக்குப் பயண அனுமதி கொடுக்கவில்லை. நியூரம்பெர்க் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது, கடைசியில் சாம்பியனும் ஆனது.

"என் அப்பா அந்தப் பக்கத்து ஊர்க்காரர்" என்றார் ராய்மர். "அமெரிக்கா வந்து இந்தப் போட்டியைத் தொடங்கியபோது ஒரு வழக்கம் வைத்தார். பிளானிட்ஸ் என்ற பெயரை எடுக்கிற அணி இன்று ஆடாது. அவர்கள் நம் கௌரவ விருந்தாளிகள். நாம் அவர்களுக்குப் பூ கொடுப்போம், கை தட்டுவோம். நியூரம்பெர்க் தலைவி நடுக்கோட்டிலிருந்து காலி கோலுக்குப் பந்தை உதைப்பார். பந்து கோல் கோட்டைத் தாண்டியதும் ரெஃபரி விசில் ஊதுவார், அதோடு அந்த ஆட்டம் முடியும். ஐம்பது வருடமாக இப்படித்தான் அவர்களை நினைவு வைத்திருக்கிறோம்."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இரண்டு சின்னப் பெண்கள் ஓடி வந்து ஆளுக்கொரு பூங்கொத்தை இவர்கள் கையில் திணித்தார்கள்.

வள்ளி ஹம்சாவின் காதில் குனிந்தாள். "ஏனுங்க்கா, அப்போ நாம ஆடறதே இல்லீங்களா? அஞ்சு வாரம் முட்டி பேந்துபோக ஓடுனது அந்த உருளைக்கிழங்கு சாலட் திங்கறதுக்குங்களா?"

"எந்தப் பக்கத்துலடா இது போட்டிருந்தது?" என்று பர்வதம் ஆன்ட்டி வேலிக்கு வெளியே நின்ற சாய்ராமைப் பார்த்துக் கேட்டார். அவன் போனில் விரலால் தள்ளித் தள்ளித் தேடினான்.

"பதினொண்ணு, ஆன்ட்டி" என்றான் ஈனக் குரலில்.

ஹம்சா கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே வெள்ளைப் பூ, அதே செலோஃபேன் தாள், அதே கை தட்டல். ஜனவரியில் கான்ஃபரன்ஸ் ரூமில் நின்ற அதே கால்கள்தான் இப்போது புல்லில் நின்றன. இந்த மனிதர்கள் நல்லவர்கள். அதுதான் தாங்கமுடியவில்லை. ஆட விடாமல் ஆக்குகிறவனுக்கும் ஆட முடியாமல் போனவர்களுக்காகக் கை தட்டுகிறவனுக்கும் நடுவில் ஆட வந்தவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். தட்டுகிறவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுகிறான்.

விருந்தாளிகளை மேஜைக்குக் கூட்டிப் போனார்கள். நல்ல நிழல். ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி, உருளைக்கிழங்கு, எல்லாம் முதலில் இவர்களுக்குத்தான். சைவமா என்று அக்கறையாகக் கேட்டு ஒரு தட்டைத் தனியாக வைத்திருந்தாள் ஒரு பெண்மணி. மைதானத்தில் நியூரம்பெர்க் அணி இறங்கியது. அதன் தலைவி டோனா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். அகன்ற தோள், கட்டையான கால், ஆறு மாதம் காத்திருந்து வந்த மாதிரி முகம். அவளுக்கும் இந்தச் சடங்கு பிடிக்கவில்லை என்று நடையிலேயே தெரிந்தது. பந்தை நடுக்கோட்டில் வைத்தாள். எதிர்ப் பாதி மைதானம் வெறிச்சென்று கிடந்தது. ஆளில்லாத கோல்.

ரெஃபரியாக வந்திருந்த கல்லூரிப் பெண் தொடக்க விசில் ஊதினாள்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு ஹம்சாவால் உட்கார முடியவில்லை. அது அவளுடைய இடம். அவள் நிற்க வேண்டிய இடத்தில் அவள் இல்லாததைப் பார்க்கத்தான் இத்தனை பேர் கூடியிருக்கிறார்கள். பூங்கொத்தை உருளைக்கிழங்கு சாலட் மேல் போட்டாள். எழுந்தாள்.

"எங்க போற?" என்றார் பர்வதம் ஆன்ட்டி.

"ஆட."

டோனா வேண்டாவெறுப்பாகப் பந்தைத் தட்டிவிட்டாள். அது சோம்பலாக உருண்டு கோலை நோக்கிப் போனது. ஹம்சா பக்கக் கோட்டைத் தாண்டி ஓடினாள். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஓடிய ஓட்டம் இல்லை; மூச்சு முன்னால் போக, உடம்பு பின்னால் வந்தது. ஆனாலும் கோல் கோட்டுக்கு இரண்டடி முன்னால் பந்தின் மேல் இடது காலை வைத்து நிறுத்திவிட்டாள்.

சாப்பாட்டு மேஜைகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கேயோ ஒரு குழந்தை மட்டும், "அவங்க விளையாடக் கூடாதே!" என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னது.

ராய்மர் மைக்கை வைத்துவிட்டு நீளக் கால்களால் வேகமாக வந்தார். கோபமாக இல்லை, பதறிப் போயிருந்தார். "தயவுசெய்து வெளியே வாருங்கள், அம்மா. இது ஆட்டம் இல்லை. இது ஒரு அஞ்சலி."

"புரிகிறது" என்றாள் ஹம்சா ஆங்கிலத்தில். பந்தின் மேலிருந்து காலை எடுக்கவில்லை. "ஆனால் நாங்கள் ஆட வந்தோம்."

"உங்களை அவமதிக்கவில்லை. கௌரவிக்கிறோம்."

"தெரியும். எனக்கு ஜனவரியிலும் இப்படித்தான் பூ கொடுத்துக் கௌரவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு நான் நன்றி சொல்லிவிட்டுப் போனேன். இன்றைக்குப் போக முடியாது."

அவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஆனாலும் மனிதர் பிடிவாதக்காரர். "உங்களை ஆட விட்டால், அன்று நடந்த அநியாயம் நடக்காத மாதிரி ஆகிவிடும். மறந்துபோகும். என் அப்பாவுக்கு அது கூடாது."

"மிஸ்டர் ராய்மர், அன்றைக்கு அவர்களைத் தடுத்தது ராணுவம். இன்றைக்கு எங்களைத் தடுப்பது யார்?"

அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"ஐம்பது வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் பிளானிட்ஸ் சட்டை போட்டவர்களைத் திரும்பத் திரும்ப வெளியே உட்கார வைக்கிறீர்கள். அந்தப் பதினொரு பேர் இங்கே வந்து நின்றிருந்தால் உங்களிடம் பூவா கேட்டிருப்பார்கள்?"

அதற்குள் சாய்ராம் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. "ஹம்ஸ், வேணாம். ப்ளீஸ். கெஸ்ட்டா கூப்ட்டிருக்காங்க. யாராவது போலீஸுக்கு கால் பண்ணிட்டா என்ன பண்றது? ரெக்கார்டுல ஏறிடும். நம்ம நெலமையில இதெல்லாம் தேவையா?"

அவன் கோழை இல்லை. பதினோரு வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன். நாற்பது மைல் வேகம் என்று போட்ட இடத்தில் முப்பத்தெட்டில் போகிறவன். பக்கத்து வீட்டு நாய் தோட்டத்தைக் கெடுத்தாலும் சிரித்துக் கை ஆட்டுகிறவன். எதிலும் பெயர் வரக் கூடாது, எதிலும் கையெழுத்து விழக் கூடாது என்று இருந்து இருந்து, இருப்பதையே பாதியாகக் குறைத்துக்கொண்டவன். ஹம்சாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது, அந்தப் பாவத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்ன நெலம, சாய்?" என்றாள். "வேலைக்குப் போக ஒரு ஃபார்ம். ஊருக்குப் போய் வர ஒரு ஃபார்ம். இருக்கறதுக்கே ஒரு ஃபார்ம். எல்லாத்தையும் ஃபில் பண்ணிக் குடுத்துட்டுத்தான உக்காந்திருக்கோம்? பந்து ஆடறதுக்கு எந்த ஃபார்ம்னு சொல்லு, அதையும் ஃபில் பண்றேன். அப்படி ஒண்ணு இல்லன்னா தள்ளிக்கோ."

சாய்ராம் தள்ளிக்கொள்ளவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு பர்வதம் ஆன்ட்டி நடந்து போனார். கையுறையை இறுக்கிக்கொண்டே கோலுக்குள் போய், இரண்டு கம்பங்களையும் தட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் நின்றார்.

"நான் நின்னாச்சு" என்றார். "மத்தவாளும் வாங்கோ. ஆபரேஷன் தியேட்டர்ல இதவிடப் பெரிய பெரிய ஆளெல்லாம் என்னை வெளில போன்னு சொல்லிப் பாத்திருக்கா."

வள்ளி வந்தாள். வாயில் இன்னும் ரொட்டி இருந்தது. அவள் பின்னால் மற்ற நால்வரும் தயங்கித் தயங்கி வந்து, கோட்டைத் தாண்டியதும் தயக்கத்தை விட்டுவிட்டு ஓடி வந்து தங்கள் இடத்தில் நின்றார்கள். காலி மைதானம் நிரம்பியது.

ராய்மர் ரெஃபரியைத் திரும்பிப் பார்த்தார். "நிறுத்தச் சொல்லுங்கள்."

ரெஃபரிப் பெண் விதிமுறைத் தாளைப் பையிலிருந்து எடுத்து, பதினோராம் பக்கத்தை, அன்றைக்கு அதை நிதானமாகப் படித்த ஒரே ஆளாக, வரி வரியாகப் படித்தாள். "பந்து கோல் கோட்டைத் தாண்டியதும் ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊத வேண்டும்" என்றாள். "பந்து இன்னும் தாண்டவில்லை, சார். தொடக்க விசில் ஊதியாகிவிட்டது. நான் எதை வைத்து நிறுத்துவது?"

நியூரம்பெர்க் அணியில் ஒருத்தி முணுமுணுத்தாள். "நமக்கு அரையிறுதி இருக்கிறது. இவர்களோடு ஓடிக் களைத்துப் போகணுமா?"

டோனா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "களைத்துப் போ" என்றாள். அப்புறம் ராய்மரிடம், "காலை ஐந்து மணிக்கு எழுந்து நான் ஷூ கட்டியது காலி கோலில் பந்து தள்ளுவதற்கு இல்லை. எனக்கு அது கேவலமாக இருந்தது, மிஸ்டர் ராய்மர். சொல்லத்தான் தைரியம் வரவில்லை" என்றாள். கடைசியாக ஹம்சாவைப் பார்த்து விரலை ஆட்டினாள். "ஏய், இடது கால்! பந்தை வைத்துக்கொண்டு பிரசங்கம் பண்ணப் போகிறாயா, விளையாடப் போகிறாயா?"

ஹம்சா பந்தை வள்ளிக்குத் தள்ளினாள்.

இதற்கு அப்புறம் நடந்ததை வீர சரித்திரமாக்க முடியாது. நியூரம்பெர்க் இவர்களைவிட நன்றாக ஆடியது, அவ்வளவுதான். நான்காவது நிமிடத்தில் டோனா அடித்த பந்து பர்வதம் ஆன்ட்டியின் கையுறையில் பட்டு, ஆன்ட்டியையும் சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போனது. ஒன்பதாவது நிமிடத்தில் இன்னொன்று. அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே பந்தைக் கொடுத்து வாங்கினார்கள். இவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் கத்திக் கத்தித்தான் கொடுத்தார்கள். "அக்கா, அக்கா" என்று கத்தினால் நான்கு பேர் திரும்பினார்கள். டோனாவின் தோள் பட்டு ஹம்சா இரண்டு தடவை விழுந்தாள். முட்டி தோல் உரிந்து எரிந்தது. இரண்டு தடவையும் எழுந்தபோது, தன் உடம்பு தன்னிடம் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. ஐந்து மாதமாக ஒரு வரியைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன உடம்பு. அதற்கு வலித்தது. எவ்வளவு சந்தோஷம்!

இடைவேளைக்குப் பின் ஆறாவது நிமிடத்தில் வள்ளி ஒரு பந்தைத் துரத்தினாள். எல்லோரும் அது வெளியே போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். டேகேர் கதவைத் திறந்து ரோட்டுக்கு ஓடுகிற குழந்தையைப் பிடிக்கிற வேகத்தில் போய், கோட்டு மேலேயே அதை மடக்கித் திருப்பி உள்ளே அனுப்பினாள். பந்து ஹம்சாவின் இடது பக்கம் வந்தது. யோசிக்க நேரம் இருந்தால் தவறவிட்டிருப்பாள். யோசிக்கவில்லை. வலை குலுங்கியது.

அவளே நம்பாமல் நின்றுகொண்டிருந்தாள். வேலிப் பக்கத்திலிருந்து ஒரு காட்டுக் கத்தல். திரும்பிப் பார்த்தால் சாய்ராம். சட்டை வெளியே வந்து, கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடம் கழித்து நியூரம்பெர்க் வாங்கிய ஃப்ரீ கிக்கைத் தப்பு என்று சொல்லி ரெஃபரியோடு கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டான். "ரெஃபரி! வாட் இஸ் திஸ்? கண்ணு தெரியலையா?" என்று பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் அவன் கத்தியது பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும். ரெஃபரி எச்சரித்துத் தள்ளி நிற்கச் சொன்னாள். பெயரைக் கேட்டாள். சாய்ராம் தன் முழுப் பெயரையும், இனிஷியலோடு, எழுத்து எழுத்தாகச் சொன்னான்.

அந்த ஃப்ரீ கிக்கும் கோல்தான். கடைசி நிமிடத்தில் இன்னொன்று. பர்வதம் ஆன்ட்டி மூன்று பந்துகளைத் தடுத்தார். அதில் ஒன்றை முகத்தால் தடுத்துவிட்டு, மூக்கைத் தொட்டுப் பார்த்து, உடையவில்லை என்று தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார். இறுதி விசில் ஊதியபோது நாலுக்கு ஒன்று.

ஏழு பேரும் அங்கங்கே புல்லில் விழுந்து கிடந்தார்கள். டோனா வந்து ஹம்சாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "அடுத்த தடவை வலது காலையும் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லி முதுகில் ஒரு அறை அறைந்தாள். அது டோனாவின் மரியாதை. ஹம்சாவுக்கு அந்த மரியாதை உடம்பெல்லாம் இனித்தது.

அப்போதுதான் மைக் கரகரத்தது. ராய்மர் மேஜைப் பக்கம் நின்று, அந்தப் பழுப்பு அட்டையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் அப்பாவின் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

"முதல் ஆட்டம். பிளானிட்ஸ் அணி பங்கேற்க இயலாததால், நியூரம்பெர்க் அரையிறுதிக்குச் செல்கிறது."

கை தட்டல் ஆரம்பித்தது. பாதியிலேயே தயங்கித் தேய்ந்தது. வள்ளி எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க்கா சொல்றாரு இந்தாளு? அப்போ இவ்ளோ நேரம் இங்க ஓடுனது யாருங்க?"

ஹம்சா நொண்டிக்கொண்டே நடந்தாள். முட்டியிலிருந்து ரத்தம் சாக்ஸ் வரைக்கும் இறங்கியிருந்தது. சாய்ராம் வேலியோரமாகவே அவள் கூட நடந்து வந்தான். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அது தப்பு" என்றாள்.

ராய்மர் மைக்கை இறக்கினார். "நான் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் படிக்கிறேன். என் அப்பா எழுதியது. உங்களை ஆட விட்டேன். இதையாவது விட்டுவிடுங்கள்."

"நீங்கள் விடவில்லை. நாங்கள் ஆடினோம்." மூச்சு இன்னும் அடங்கவில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "பங்கேற்க இயலாமல் போகவில்லை. பங்கேற்றோம். தோற்றோம். நாலுக்கு ஒன்று. அதைச் சொல்லுங்கள்."

"நீங்கள் தோற்றீர்கள் என்று மைக்கில் சொல்லச் சொல்கிறீர்களா?"

"ஆமாம். சத்தமாக."

அவர் அவளைப் பார்த்தார். அவள் முட்டியைப் பார்த்தார். பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பர்வதம் ஆன்ட்டியை, ஒவ்வொருவராக எழுந்து வந்து கூடிய மற்றவர்களை, வியர்வையில் ஊறிப் புல்லும் மண்ணும் அப்பி, இனி எந்த இஸ்திரிக்கும் மடியாத அந்தச் சட்டைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அட்டையை மேஜை மேல் குப்புற வைத்தார்.

"முதல் ஆட்டம்" என்றார் மைக்கில். பழக்கத்தில் கை அட்டையைத் தேடியது. மறுபடி தொடங்கினார். "முதல் ஆட்டம். நியூரம்பெர்க் நான்கு. பிளானிட்ஸ் ஒன்று." அங்கே நிறுத்தி, அவளிடம் மெதுவாகக் கேட்டார்: "கோல் அடித்தவர் பெயர்?"

"ஹம்சா" என்றாள். அவர் அதை மைக்கில் தப்பாக உச்சரித்தார். அவள் திருத்தினாள். அவர் இரண்டாம் தடவை சொன்னார். அதுவும் சரியாக வரவில்லை. மூன்றாம் தடவையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் அவள் அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள்.